மூன்றாம் கொப்பரையில் கிடந்த கல்

துமிராவை ஓரிடத்தில் உட்கார வைத்தவர் ஜாவாக் கடற்கரையின் லாசெம் ஊரில் யாரும் இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடித்து ஒரு காலைக் குத்தவைத்து, எழுந்து ஓடத் தயாராகத்தான் சாப்பிடுவாள். தொழுகைக்கு நின்றால் மட்டும் அசையமாட்டாள். அது முடிந்த மறுநொடி பாயைச் சுருட்டும் சத்தம் கேட்கும். கட்டிய கணவன் மீன்படகுக்காரன். கடல்கூட மத்தியானத்தில் கொஞ்சம் அடங்கும், இவள் அடங்கமாட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

சின்ன வயதில் அவளைப் பாத்திக் பட்டறைக்கு அனுப்பினார்கள். லாசெம் பெண்களுக்கு அதுதானே முதல் வேலை. உருகிய மெழுகைத் துணியின்மேல் இழை இழையாக ஓட்ட வேண்டும், முக்காலியை விட்டு எழக்கூடாது. துமிரா எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஒரு கொக்கின் கழுத்தில் அவள் சிந்திய மெழுகு, கொக்குக்குக் கழுத்திலேயே கர்ப்பம் தரித்ததுபோல் நின்றுவிட்டது என்று அந்தப் பட்டறையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்புறம் கருவாட்டுக் களம், சந்தையில் மூட்டை பிரிக்கும் வேலை என்று எதிலும் நிலைக்காமல் சுற்றி, கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது கோ ஹ்வீயின் கேச்சாப் ஆலையில். அங்கே உட்காரச் சொல்ல ஆளில்லை.

கேச்சாப் என்கிற கறுப்பு இனிப்புச் சாற்றைக் காய்ச்சுவது நின்றே செய்கிற வேலை. மாதக்கணக்கில் வெயிலில் ஊறிய கறுப்புச் சோயாவின் உப்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, கருப்பட்டியை உடைத்துப் போட்டு, அரத்தையும் அன்னாசிப்பூவும் எலுமிச்சை இலையும் சேர்த்து, அது கறுத்துப் பாகாகும்வரை துடுப்புப் போட வேண்டும். அந்தக் கூடத்தில் கொப்பரைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல் கிடந்தது.

வீட்டில் சோறு அவிக்கிற பெண்கள் அடிப்பானையில் ஒரு காசோ கோலிக்குண்டோ போட்டுவைப்பார்களே, அதே கணக்குதான். கடகடவென்று சத்தம் வரும்வரை தண்ணீர் இருக்கிறது, சத்தம் நின்றால் வற்றிவிட்டது. ஆலையில் கல் சொல்வது வேறு சேதி. சாறு நீர்த்திருக்கும்போது கல் துள்ளும். பாகு இறுக இறுக அதன் ஆட்டம் மந்தமாகும். அடியோடு அடங்கினால் பதம் வந்துவிட்டது, தீயை இழுத்துவிட வேண்டியதுதான். கோ ஹ்வீயின் அம்மா ஆலையை நடத்திய காலத்து ஏற்பாடு இது. வேலைக்குச் சேரும் பெண் முதல் நாள் மலையோடையில் தன் கையால் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொப்பரையில் போட வேண்டும். வேலையை விடும் நாளில் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேறொருத்தி அதைத் தொட்டால், இனி நீ இங்கே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

மூன்றாம் கொப்பரைக் கல் பைனியுடையது. நான்காவதில் துமிரா. இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். பைனி வயதில் இளையவள், துமிராவை அக்கா முறை வைத்து 'யூ' என்று கூப்பிடுவாள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பைனி அதை முடிப்பதற்குள் துமிரா இரண்டு வாளி பாகு தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். எப்படித்தான் அத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டு இருந்தார்களோ.

அந்த வாளிதான் எல்லாவற்றுக்கும் வினை. பாகு ஆறினால் வடிகட்டும் துணியில் இறங்காது. அதனால் கொதிக்கக் கொதிக்க மொண்டு, மரப்படி ஏறி, மேலே இருக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். போன கோடையில் ஒரு நாள் பைனி முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். துமிரா பின்னால், வழக்கம்போல, "நட பைனி, நட நட" என்று விரட்டிக்கொண்டே ஏறினாள். பைனிக்குக் கால் வழுக்கியது. வெந்நீராக இருந்தால் வழிந்து போயிருக்கும். பாகு வழியாது, ஒட்டிக்கொள்ளும். வலது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அவள் கை வெந்துபோயிற்று.

அதற்கப்புறம் பைனி ஆலைக்கு வரவில்லை. துமிராவுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்ன 'நட நட' அவள் காதிலேயே ஓயாமல் கேட்டது. பைனி திரும்பி வந்து மூன்றாம் கொப்பரையில் துடுப்பைப் பிடித்துவிட்டால் அது நின்றுவிடும் என்று நம்பினாள். வாளி இருக்கும்வரை அவள் வரமாட்டாள். ஆகவே வாளி போக வேண்டும். இதை அவள் ஒரு வேண்டுதல்போலப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் முதலாளியைப் போய் அரித்தெடுத்தாள். 'கோ', அதாவது அண்ணன், என்றே எல்லோரும் கூப்பிடுகிற கோ ஹ்வீ கெட்டவர் இல்லை, பயந்தவர். முதலில் தன் கிணற்றடித் தண்ணீர் பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார். அதன் இறக்கை பாகுக்குள் சுழன்று சுழன்று நுரை அடித்ததே தவிர, ஒரு சாண்கூட ஏற்றவில்லை. மோட்டார் தீய்ந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. பிறகுதான் செமாராங் நகரத்திலிருந்து குந்தோரோ என்ற மெக்கானிக் ஒரு வேனில் வந்து இறங்கினான். பெண்கள் அவனை அண்ணன் முறை வைத்து 'மாஸ்' என்றார்கள். அவன் இறக்கியது ஒரு பூசணிக்காய் அளவு இரும்புப் பெட்டி. நோன்பு மாதத்துக்கு முன் ஒரு கொப்பரைப் பாகை வாளி படாமல் மேலே ஏற்றிக் காட்ட வேண்டும், காட்டினால் பெட்டி இங்கே இருக்கும், இல்லையென்றால் வந்த வேனிலேயே திரும்பும் என்று முதலாளி பேசி முடித்தார். நோன்பு மாதத்தில் ஊரே கேச்சாப் கேட்கும். அப்போது சோதனை பண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் பக்கத்து நியாயம்.

குந்தோரோ பெட்டியின் மூடியைக் கழற்றிப் பெண்களுக்குக் காட்டினான். உள்ளே 8 வடிவக் குழியில் இரண்டு பல்சக்கரங்கள், பல்லோடு பல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றை மோட்டார் சுற்றும், அது மற்றதைச் சுற்றும்.

"பாகு எந்த வழியா போகும், சொல்லுங்க பாப்போம்," என்றான்.

எல்லோரும் இரண்டு சக்கரமும் சேரும் நடுவைக் காட்டினார்கள். கரும்பு ஆலை பார்த்த கண்கள் வேறு எதைக் காட்டும்?

"அதான் இல்ல. நடுவுல வழியே கிடையாது. அங்க பல்லும் பல்லும் கவ்வி கதவ சாத்திடுது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய் பாக அள்ளிக்கிட்டு ஓரச் சுவரோட சுத்திப் போகும். அந்தப் பக்கம் போய்ப் பல்லு கோக்கும்போது பள்ளத்துல இடமில்ல, பாகு வெளிய போய்த்தான் ஆகணும். திரும்பி வரவும் வழியில்ல."

"சந்தைக் கூட்டத்துல நான் போற மாதிரி," என்றாள் துமிரா. "நடுவுல இடிச்சுக்கிட்டு நிக்காம ஓரமாவே ஓடிடறது."

குந்தோரோ சிரித்துவிட்டு மூன்று விஷயம் சொன்னான். ஒன்று, இதை வெறுமனே ஓடவிடக் கூடாது. பாகுதான் இதற்கு எண்ணெய், பாகு இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். இரண்டாவது, ஓடும்போது பாகு வெளியேறும் பக்கத்து வால்வை மூடக்கூடாது. தண்ணீர் பம்ப் என்றால் வாயை மூடினால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இது விடாக்கண்டன், ஒரு சுற்றுக்கு இத்தனை வாய் என்று தள்ளியே தீரும், வழியில்லாவிட்டால் குழாயைக் கிழிக்கும். அதற்காகத்தான் அழுத்தம் மீறினால் திறந்துகொள்ள ஸ்பிரிங் வால்வு ஒன்று பக்கத்தில் வைத்திருக்கிறது. மூன்றாவது, கெட்டியான பாகு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கடினமான பொருள் ஒரு துண்டுகூடப் போகக்கூடாது. பல்லுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காகிதம் நுழையும் இடம்தான் உண்டு. அதனால் பம்புக்கு முன்னால் சல்லடைக் கூடை ஒன்று பொருத்தினான்.

துமிராவுக்கு அந்தப் பெட்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. இது வேறெங்கே இருக்கிறது என்று கேட்டுக் குந்தோரோவைத் துளைத்தாள். லாரி இன்ஜினுக்குள்ளே எண்ணெயைச் சுற்றவிடுவது இதுதான், சாக்லேட் ஆலையில் இதுதான், சோப்பு ஆலையில் இதுதான் என்று அவன் அடுக்க, அவள் மறுநாளே கிளம்பிவிட்டாள். படகுத்துறையில் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தவன் தோளுக்குப் பின்னால் நின்று, அடிவயிற்றில் எண்ணெய் ஏற்றும் குட்டிப் பல்சக்கர ஜோடியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். நெடுஞ்சாலையில் தார் போடும் வண்டியைக் கண்டாலும் விடவில்லை. தார் வாங்க வந்தீர்களா என்று ஒருவன் கிண்டலடிக்க, தார் இல்லை, உங்கள் பம்ப் எப்படியிருக்கிறது என்று நலம் விசாரித்தாள்.

ஒவ்வொரு மாலையும் இதையெல்லாம் பைனியின் வாசலில் நின்றுகொண்டே ஒப்பிப்பாள். பைனி வீட்டு முன்னால் இடக்கையால் தெம்பே பொரித்துக்கொண்டிருப்பாள். சோயாவை அடையாக்கிப் பொரிக்கும் அந்தப் பண்டத்தை அக்கம்பக்கத்துக்கு விற்கத் தொடங்கியிருந்தாள். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டே அவள் ஆரம்பிப்பாள்.

"யூ, அந்தக் கல்லு விஷயமா உங்கிட்ட ஒண்ணு…"

"கல்லு அங்கதான் இருக்கு. ஒருத்திகூடத் தொடல. நான் இருக்கேன்ல," என்று துமிரா சொல்லி முடிக்கும்போது சந்து முனையில் இருப்பாள். பைனி கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருப்பாள்.

சோதனைக்கு முதல் நாள், கொப்பரைகளின் அடியில் துளை போட்டுக் குழாய் இணைத்தாகிவிட்டது, கற்களையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றான் குந்தோரோ. பெண்கள் முணுமுணுத்தார்கள். கல் இல்லாமல் பதம் எப்படித் தெரியும்? கொஞ்ச நாள் குச்சியில் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று துமிராதான் அவர்களைச் சமாதானப்படுத்தினாள். ஒவ்வொருத்தியும் தன் கல்லைத் தன் கையால் எடுத்துக் கழுவி, துணியில் முடிந்து, தன் கொப்பரைக்கு மேலே ஆணியில் மாட்டினாள். ஆலையை விட்டுப் போகாதவரை அது விலகியதாகாது என்று தீர்மானித்தார்கள்.

மூன்றாம் கொப்பரைக் கல் மட்டும் அப்படியே கிடந்தது. பைனி இடத்தில் தற்காலிகமாக நின்ற லாஸ்மி அதைத் தொடுவாளா? துமிரா தொடுவாளா? கூடை இருக்கிறதே, கல் உருண்டு வந்தாலும் அது பிடித்துக்கொள்ளாதா என்று துமிரா தனக்குத்தானே கணக்குப் போட்டாள். எல்லாம் எடுத்தாச்சா என்று குந்தோரோ கேட்டபோது, எடுத்தாச்சு என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். முதலில் ஏற வேண்டியது மூன்றாம் கொப்பரைப் பாகுதான் என்று அடம்பிடித்ததும் அவள்தான். பைனியின் கொப்பரையாயிற்றே.

மறுநாள் காலை கோ ஹ்வீ கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். குந்தோரோ தொட்டியைப் பார்க்கப் படியேறி மேலே போனான். துமிரா ஸ்விட்சைப் போட்டாள். பம்ப் ஒரு முறை முக்கிவிட்டு, சீராக ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் மேலே தொட்டியில் பாகு விழும் சத்தம், கட்டித் தயிரைக் கவிழ்த்தாற்போல் தொப்தொப்பென்று கேட்டது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். லாஸ்மி தன் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

கொப்பரை பாதி இறங்கியபோது பம்ப் சத்தம் மாறியது. கரகரவென்று கத்தியது. அரத்தை நார் எல்லாம் வந்து கூடையை அடைத்துவிட்டது. பாகு கிடைக்காமல் பம்ப் திணறுகிறது. நிறுத்தி, கூடையை எடுத்துக் கழுவித் திரும்பப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதலாளி நெற்றி சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஓட வைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் துமிரா ஸ்விட்சை அணைத்து, கொப்பரைப் பக்கத்து வால்வை மூடி, கூடையை நாரோடு உருவித் தரையில் வீசினாள். கூடையில்லாமலே மூடியை முறுக்கினாள். வால்வைத் திறந்து ஸ்விட்சைப் போட்டாள். பம்ப் மறுபடி சீராக ஓடியது. முதலாளியின் நெற்றி தெளிந்தது.

பாகு அடிமட்டத்துக்கு வந்தது. கொப்பரைக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம். துமிரா ஸ்விட்சுக்குக் கை நீட்டினாள், எட்டவில்லை. டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது, பம்ப் செத்துப்போய் நின்றது.

குந்தோரோ ஓடிவந்து மூடியைக் கழற்றினான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், கொட்டைப்பாக்கு அளவு கல் ஒன்று வசமாகச் சிக்கியிருந்தது. மோட்டாரையும் பம்பையும் கோக்கும் சிறிய பித்தளை ஆணி துண்டாகியிருந்தது. இப்படி ஒரு நாளில் முறிவதற்கென்றே வைத்த ஆணி அது, அதுதான் சக்கரத்தைக் காப்பாற்றியது, ஒரு பல் மட்டும் லேசாக நசுங்கியிருக்கிறது என்றான். பிறகு தரையில் கிடந்த கூடையைப் பார்த்தான், துமிராவைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது அவளுக்கு.

"வாளிய எடுங்க," என்றார் கோ ஹ்வீ.

லாஸ்மி வாளியை எடுக்கக் குனிந்தாள். குந்தோரோ குறடை எடுத்துக் கல்லைப் பிடுங்கப் போனான். லாஸ்மி குனிந்த இடத்திலிருந்தே பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம் மாஸ். அது பைனியோட கல்லு."

குந்தோரோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளியைப் பார்த்தான். கோ ஹ்வீ இரண்டடி பின்வாங்கியிருந்தார். பம்பைத் திருப்பி அனுப்பத் துணிந்த மனிதருக்கு அம்மா போட்ட சட்டத்தில் கைவைக்கத் துணிவு வரவில்லை.

துமிரா யாரிடமும் கேட்காமல் முதலாளியின் சைக்கிளையே எடுத்துக்கொண்டு பறந்தாள். தெம்பே சட்டியை இறக்கிவைக்கக்கூட விடாமல் பைனியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேச்சு. கல்லை எடு, கழுவு, ஆணியில் மாட்டு, மற்றவர்களும் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள், அது விலகினதாகாது, கவலைப்படாதே. பைனி பின்னால் உட்கார்ந்து இடக்கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் பைனி முதலில் அந்த மரப்படியைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பின் முன்னால் உட்கார்ந்தாள். குந்தோரோ அச்சைக் கையால் பின்னோக்கித் திருப்பினான். சக்கரம் கொஞ்சம் வாய் திறந்தது. விறைத்துப்போன வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் கல்லை எடுத்தாள். குழாயடியில் பாகு போகக் கழுவினாள். ஒரு முனை லேசாக உடைந்திருந்தது. எல்லோரும் மூன்றாம் கொப்பரைக்கு மேலிருந்த ஆணியைப் பார்த்தார்கள்.

பைனி கல்லைத் தன் உடுப்பின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஆணி அங்க இருக்கு பைனி," என்றாள் துமிரா.

"தெரியும் யூ."

"வாளி இல்ல இனிமே. பல்லக் கொஞ்சம் தேச்சுவிட்டு வேற பித்தளை ஆணி போட்டா இது ஓடிடும். நீ வந்து சும்மா நின்னா போதும்."

"நான் வரல யூ. இதச் சொல்றதுக்குத்தான் தினம் வாயத் திறந்தேன். நீ எங்க நின்ன? கல்லு இங்க கிடக்கறவரைக்கும் நானும் இங்கயே கிடக்கற மாதிரி இருந்துச்சு. யாராவது எடுத்துப் போட்டா நிம்மதியா இருக்கும்னு இருந்துச்சு."

துமிராவின் கை முக்காட்டு முனையை முறுக்கிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் யாருக்காகக் காவல் காத்தோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"நான்தான் நட நடன்னு விரட்டுனேன்."

"படியில பாகு சிந்தியிருந்துச்சு, வழுக்குச்சு. நீ வாயத் திறந்தா நட நடதான். அதுக்கெல்லாம் விழறதுன்னா நான் சேந்த நாள்லேர்ந்து தினம் விழுந்திருக்கணும்."

லாஸ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துமிரா அழுதுகொண்டே தானும் சிரித்தாள். பைனி கோ ஹ்வீ பக்கம் திரும்பி, வெந்த கையை மறைக்காமல் நீட்டினாள்.

"கோ, வாளி வேணாம்."

கோ ஹ்வீ அந்தக் கையைப் பார்த்தார். ஆலையில் நடந்ததை அவர் கேட்டிருந்தாரே தவிர, அந்தக் கையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குந்தோரோவிடம் மெதுவான குரலில், பம்ப் இங்கேயே இருக்கட்டும், வேண்டியதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த சல்லடைக் கூடையைத் தானே எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

குந்தோரோ நசுங்கிய பல்லை அரத்தால் தேய்க்கத் தொடங்கினான். துமிரா அவன் பக்கத்தில் போய் நின்றாள், கொப்பரையை எட்டிப் பார்த்தாள், கூடை கழுவியாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பினாள். பைனி ஒரு வாளியைக் காலால் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காரு யூ."

"இல்ல, ஆணி போடும்போது…"

"அவரு போட்டுக்குவாரு. உக்காரு. எனக்குச் சோறு அவிக்கற பானைக்குக் கல்லு இல்லாம இருந்துச்சு. இத அதுல போட்டுக்கறேன். நாளைக்குச் சாப்பிட வா, வாசல்ல நிக்காத."

துமிரா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். பைனி அவள் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். பம்ப் ஓடத் தொடங்கி, மேலே தொட்டியில் தொப்தொப்பென்று பாகு விழும் சத்தம் கேட்டது. கொப்பரை காலியாகும்வரை துமிரா எழுந்திருக்கவில்லை.